அடுப்படிப் பூச்சிகளைத் துரத்தும்போது செய்கிற தவறுகள்

ஐப்பசி மழையில் மதுரைச் சாக்கடைகள் நிரம்பியதும் முதலில் மேலே ஏறி வருவது பெரிய கரப்பான். உடனே ஸ்ப்ரே வாங்கி வந்து அடுப்படி முழுக்க அடித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். பாதி வீண் வேலை. அதன் குடியிருப்பு சாக்கடைக் குழாயில்தான். ராத்திரி சிங்க் ஓட்டையை ஒரு கிண்ணத்தால் மூடி, சிங்க் அடியில் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்து இடுக்கைச் சிமென்ட் வைத்து அடைத்தால் வரத்து பெருமளவு குறையும்.

வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது சின்னக் கரப்பான். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான் என்று பெயர். ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சு இருக்கும். பொரிக்கிற நேரம் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். இதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் நேரே பட்டது சாகும், மற்றவை சிதறி மிக்ஸி அடியிலும் பிரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் போய் ஒடுங்கிக்கொள்ளும். இதற்குக் கரப்பான் தின்பதற்கென்றே விற்கிற மருந்து ஜெல்தான் சரி. கப்போர்டு கீல், டிராயர் மூலை, ஸ்டவ்வுக்குப் பின்பக்கச் சந்து என மிளகளவுக்குப் புள்ளி வைத்தால் போதும். தின்ற கரப்பான் பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்கிற மற்றவையும் சேர்ந்து சாகும். ஆனால் ஜெல் வைத்த கையோடு ‘இதையும் அடிச்சு வைப்போமே’ என்று ஸ்ப்ரேயைத் தூக்கினால் காரியம் கெட்டது. மருந்து பட்ட ஜெல் பக்கம் கரப்பான் வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இவை வீட்டுக்குள் வருகிற வழியையும் பாருங்கள். கீழமாசி வீதியில் மொத்தமாகச் சரக்கு எடுத்து, அட்டைப்பெட்டியோடு அடுப்படி மூலையில் வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அட்டையின் மடிப்புக்குள் கரப்பானும் சேர்ந்து வரும். வாசலிலேயே பிரித்துவிட்டுப் பெட்டியை வெளியே போடுவது நல்லது. அப்புறம் தண்ணீர்: சாப்பாடு இல்லாமல் தாக்குப்பிடிக்கிற அளவுக்குக் கரப்பான் தண்ணீர் இல்லாமல் தாங்காது. சிங்க்கில் ஈர ஸ்பாஞ்சை விட்டுவிட்டுப் படுப்பது அதற்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது மாதிரி.

எறும்புச் சாக்பீஸும் பூச்சிமருந்துதான். பாத்திரம் கவிழ்க்கிற அலமாரியில் அதைக் கோடு போடாதீர்கள், பிள்ளைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள். பாச்சை உருண்டை அடுப்படிக்கே ஆகாது.

அரிசி வண்டு விஷயத்தில் பழைய கைவைத்தியத்தை அளவுக்கு மீறி நம்புகிறோம். வேப்பிலை, வற்றல் மிளகாய் எல்லாம் ஓரளவு விரட்டும், அவ்வளவுதான். தாய் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளேதான் முட்டையிடும். மேலே ஊர்கிறதைப் புடைத்து எறிந்தாலும், உள்ளே இருப்பது நம்மூர் வெக்கையில் ஒரு மாதத்துக்குள் வண்டாகி வெளியே வரும். மொட்டை மாடி உச்சி வெயிலில் காயப்போட்டால் அரிசி விரிசல் விட்டு, சோறு நொய்யாகும். இதையெல்லாம்விடப் பெரிய தப்பு, டிரம்மின் அடியில் பழைய அரிசி கிடக்க அதன்மேலேயே புதுச் சிப்பத்தைக் கொட்டுவது. டிரம்மைக் காலி செய்து, துடைத்து, காயவைத்து நிரப்புங்கள். ரவை, கடலை மாவு கொஞ்சம்தான் என்றால் வாங்கியதும் நாலைந்து நாள் பிரீசரில் வைத்து எடுக்கலாம். சிப்பம் சிப்பமாகச் சேர்த்து வைப்பவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி இருக்கிறது. அரிசிக்குள் செருகி வைக்கிற ஓட்டைக் குழாய் அது. காற்றைத் தேடி வருகிற வண்டு உள்ளே விழுந்துவிடும்.

எலிக்கு மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலை அழிக்கும், முறிமருந்து கிடையாது. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பொறி வையுங்கள், ஆனால் நடுக்கூடத்தில் வைக்காதீர்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். புதுப் பொருளைக் கண்டால் முதலில் சந்தேகப்படும் பிராணி வேறு. ஆகவே முதல் இரண்டு மூன்று ராத்திரி பொறியை மாட்டாமல் மசால் வடையை மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். பயம் தெளிந்து வடை காலியாகத் தொடங்கிய பிறகு மாட்டுங்கள்.