முழங்காலில் ஒரு தட்டு, கையில் ஒரு ஸ்கேல்: நரம்பு மண்டலத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மூளை, தண்டுவடம், அதிலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகள் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கும், இவற்றில் எது எந்த வேலையைச் செய்கிறது என்பது பிடிபடாமலே போய்விடுகிறது. ஒரு மேசை, 30 செ.மீ. ஸ்கேல், உதவிக்கு ஓர் ஆள் போதும். அரை மணி நேரத்தில் அதை உடம்பிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் முழங்கால். தட்டு வாங்குகிறவர் மேசை விளிம்பில், பாதம் தரையில் படாதபடி கால்களைத் தொங்கவிட்டு உட்காரட்டும். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து விரலால் தடவிக்கொண்டே இறங்குங்கள். சில்லுக்கும் அதற்குக் கீழே கால் எலும்பில் இருக்கும் மேட்டுக்கும் நடுவில், அழுத்தினால் லேசாக அமுங்கி மீளும் பட்டை ஒன்று தட்டுப்படும். தொடையின் முன்பக்கத் தசையைக் கால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அது. தட்ட வேண்டிய இடம் அதுதான். மேலேயும் கீழேயும் எலும்பு.

ஒரு கையை அவர் தொடைமேல் வையுங்கள். மறு கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பால், மணிக்கட்டைத் தளர்த்தி, ஒரே தட்டுத் தட்டிவிட்டுக் கையை உடனே எடுத்துவிடுங்கள். கால் முன்னால் உதறும். உதறல் சின்னதாக இருந்தாலும் தொடையில் வைத்த கைக்குத் தசை துள்ளுவது தெரிந்துவிடும். பலர் கையை அங்கேயே அழுத்தி வைத்துவிடுகிறார்கள். தசைநாண் திடீரென்று இழுபட்டால்தான் வேலை நடக்கும், அழுத்தினால் நடக்காது.

உள்ளே நடப்பது இது. நாண் அமுங்கும்போது தொடைத் தசை துளி நீள்கிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதைக் கண்டுகொள்கின்றன. உணர்வு நரம்பு அந்தச் செய்தியைத் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதிக்குப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோகிறது. அங்கே ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும் சந்திப்பு. அதைத் தாண்டியதும் இயக்க நரம்பணு முன்வாசல் வழியாகத் தசைக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. அதே நேரத்தில் இடையில் உள்ள இன்னொரு நரம்பணு, தொடையின் பின்பக்கத் தசையைத் தளரச் செய்கிறது. அது இறுகியிருந்தால் கால் நீள முடியாதே. தட்டியதிலிருந்து தசை விழித்துக்கொள்ள ஏறக்குறைய 0.02 நொடிதான். செய்தியின் ஒரு கிளை மூளைக்கும் போகிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் தசை வேலையைத் தொடங்கியிருக்கும்.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம், அந்த நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் தடித்த மயலின் உறை. உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் செய்தி நொடிக்கு 2 மீட்டருக்குமேல் போவதில்லை. கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் இடிபட்டது உடனே தெரிகிறது, அடியாழத்து வலி சற்றுக் கழித்துத்தான் ஏறுகிறது. இரண்டும் வேறுவேறு இழைகளில் வருகின்றன.

கால் அசையவே இல்லையென்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் அவர் காலையே பார்த்துக்கொண்டு தசையை இறுக்கிப் பிடித்திருப்பார். இரு கை விரல்களையும் கொக்கி போல் கோத்துக்கொண்டு, 'இழு' என்று நீங்கள் சொன்னதும் பக்கவாட்டில் பலமாக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் அந்தக் கணத்திலேயே தட்டுங்கள். ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராசிக் 1885இல் சொன்ன இந்த உத்தியை மருத்துவர்கள் இன்றும் கையாள்கிறார்கள்.

இரண்டு காலையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவில் மந்தமாக இருப்பது பலருக்கு இயல்பு. ஒரு பக்கம் துள்ளி மறுபக்கம் சும்மா கிடந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பக்கத்து உதறல் நாளடைவில் அதிகமாகிறது. மூளை சாதாரணமாகத் தண்டுவடத்தை ஓரளவு அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோனதன் அடையாளம் அது. நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறு: முதலில் கணுக்கால் அனிச்சை (தட்டினால் தானாக வரும் இந்த உதறல்) மங்கும், முழங்கால் பிறகு. சில நாட்களில் இரு கால்களும் பலமிழந்து, பலவீனம் மேலேறிக்கொண்டே வந்தால் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டில் காயமோ அறுவைச் சிகிச்சையோ ஆனவர்களைத் தட்டவே கூடாது.

அடுத்தது ஸ்கேல். இதில் தண்டுவடம் தனியாகத் தீர்த்துவிட முடியாது. மூளை வந்தே ஆக வேண்டும். பூஜ்யம் கீழே இருக்கும்படி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். விழும் ஸ்கேலைப் பிடிக்கப் போகிறவர் கையை மேசை விளிம்பில் ஊன்றி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 2 செ.மீ. அகலத்தில் விரித்துப் பூஜ்யத்துக்கு நேராக வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விடுங்கள், ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் அவர் ஊகித்துப் பிடித்துவிடுவார். கட்டைவிரலின் மேல் விளிம்பில் இருக்கும் எண்ணைக் குறியுங்கள். முதல் இரண்டைத் தள்ளிவிட்டு, அடுத்த பத்தின் சராசரியை எடுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 0.045ஆல் பெருக்கினால் நொடிக் கணக்கு வரும். 15 செ.மீ. என்றால் 0.17, 20 செ.மீ. என்றால் 0.20.

முழங்காலைவிடச் சுமார் பத்து மடங்கு தாமதம். ஸ்கேல் நகர்ந்ததை விழித்திரை வேதிமாற்றத்தால் உணர வேண்டும். செய்தி பின்மண்டைக்குப் போக வேண்டும். பிடி என்ற முடிவு பிறந்து, அசைவுகளை ஆளும் மூளையின் மேற்பரப்பான இயக்கப் புறணியிலிருந்து கட்டளை கிளம்ப வேண்டும். வலது கைக்கு இடது மூளைதான் ஆணையிடுகிறது; கட்டளை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் அடியில் குறுக்கே கடந்து, தண்டுவடத்தில் இறங்கிக் கைக்கு வருகிறது. வழியெல்லாம் சினாப்ஸ்கள்.

கடைசியாக, அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஸ்கேலை விடும் அதே கணத்தில் இன்னொரு கையால் அவர் தோளைத் தொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எண் சில செ.மீ. குறையும்: கண்ணில் நடக்கும் அந்த மெதுவான வேதிவேலை தோலில் கிடையாது.