பழைய பவர் டில்லரைப் பள்ளிப் பிள்ளைகள் கையால் ஓட வைப்பது எப்படி

காயலான் கடைக்குப் போகவிருக்கும் ஒரு பவர் டில்லரை, அதாவது கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து உழும் சிறு டீசல் வண்டியை, பள்ளிக்குக் கொண்டுவந்து, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி ஓட வைக்கலாம். வாரம் ஒரு மதியம் ஒதுக்கினால் ஒரு கல்வியாண்டில் முடிகிற வேலைதான். ஆனால் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். துடைக்கிற வேலையும் பெயிண்ட் அடிக்கிற வேலையும் பிள்ளைகளுக்கு, எஞ்சின் வேலை மெக்கானிக்குக்கு என்று பங்கு பிரிக்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம். ஆண்டு விழாவில் நிறுத்திவைக்கப் பளபளப்பான வண்டி ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். எங்கே கோளாறு என்று யோசிப்பதும், கழற்றிப் பார்ப்பதும், மாற்றிப் பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றுவதும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆகட்டும்.

டிராக்டர் வேண்டாம், டில்லரே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டர், அதுவும் படுத்த வாக்கில் இருக்கும், சிலிண்டரின் மூடியான ஹெட்டும், காற்றும் புகையும் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்கும் உயரத்தில் இருக்கும். ஹாண்டில் அடித்து ஸ்டார்ட் செய்யும் பழைய மாடல் என்றால் பேட்டரி, வயரிங் தொல்லையும் இல்லை. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு வி-பெல்ட் வழியாகத்தான் விசை போகிறது என்பதால் எது எதைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் பக்கம் கிடைக்கிற பழைய டில்லர்களில் பெரும்பாலானவை மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் வந்த வி.எஸ்.டி. வண்டிகள், இல்லாவிட்டால் குபோட்டா தொழில்நுட்பத்தில் கேரள அரசு நிறுவனமான காம்கோ செய்தவை. இரண்டுக்கும் உதிரி பாகம் வாங்கலாம், பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். பெயர் தெரியாத வெளிநாட்டு எஞ்சின் பூட்டிய வண்டி மலிவாக வருகிறதென்று வாங்கினால், ஒரு பிஸ்டன் ரிங்குக்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் பிள்ளைகளின் ஆர்வம் போய்விடும்.

வாங்கப் போகும்போதே நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிலிண்டருக்குள் காற்று அழுந்தாமல் வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. அதை விடுவிக்க முடியும், ஆனால் முதல் முறைக்கு அப்படிப்பட்ட வண்டி வேண்டாம். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. எஞ்சின் பிளாக்கில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். எந்தப் பாகமெல்லாம் காணோம் என்று அங்கேயே பட்டியல் எழுத வையுங்கள், ஏனென்றால் தேய்ந்த பாகத்தை மாற்றிவிடலாம், தொலைந்துபோன பாகம் எப்படி இருந்தது என்பதே தெரியாமல் தேடுவதுதான் சிரமம்.

ஒரு விவசாயி நாளைக்கு உழ வைத்திருக்கும் வண்டியை மட்டும் எடுக்காதீர்கள். அவருக்கு அவசரம் இருக்கும், அந்த அவசரம் பிள்ளைகள் தலையில் இறங்கும், கடைசியில் அது கூலி இல்லாத ரிப்பேர் வேலையாகிவிடும். வண்டி பள்ளிக்குச் சொந்தமாக இருக்கட்டும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பேசிவையுங்கள், அவர் வரும் நாளுக்குச் சம்பளம் கொடுங்கள். "சும்மா வந்து சொல்லிக்கொடுங்கண்ணே" என்று கேட்பது நியாயமில்லை, பிள்ளைகள் முன்னால் அவருக்கு ஓர் ஆசிரியருக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்பேனரை அவர் பிடிக்கக் கூடாது, சொல்ல மட்டும் வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது, கை தானாகப் போகும். இன்னொன்று, வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவோ மாமாவோ பட்டறை வைத்திருப்பார். கணக்குப் பாடத்தில் வாயே திறக்காத அந்தப் பிள்ளைக்கு, நட்டைப் பார்த்ததும் அது பன்னிரண்டு எம்.எம். அளவா பதினான்கா என்று சொல்லத் தெரியும். அவனையோ அவளையோ குழுத் தலைவராக்குங்கள். பெண் பிள்ளைகளை நோட்டு எழுத உட்கார வைத்துவிட்டுப் பையன்கள் மட்டும் கழற்றுவது தானாகவே நடக்கும், அதை விடாதீர்கள். எழுதுகிறவரும் கழற்றுகிறவரும் வாராவாரம் மாற வேண்டும். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வண்டியைச் சுற்றி நிற்கக் கூடாது.

கருவி அதிகம் தேவையில்லை. ஒரு செட் ரிங் ஸ்பேனர், ஒரு செட் பாக்ஸ் ஸ்பேனர், திருப்புளிகள், பிளேயர், சுத்தியலும் ஒரு மரச் சுத்தியலும், நுண்ணிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், வெர்னியர், பழைய தட்டுகள், துடைக்க இரண்டு மூட்டை பனியன் வேஸ்ட். ஓப்பன் ஸ்பேனரை முதலில் கொடுக்காதீர்கள், நட்டின் முனையை மழுங்கடித்துவிடுவார்கள். எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும், துப்பட்டாவும் தொங்கும் தலைமுடியும் கட்டியிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள். எஞ்சின் மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், மண்ணைக் கிளறும் கத்திகள் சுற்றும் பாகமான ரோட்டரியோடு முழு வண்டி சுமார் 400 கிலோ வரும். எனவே தூக்குவதும் இறக்குவதும் பெரியவர்கள் வேலை, வண்டிக்கு அடியில் கட்டை வைக்காமல் யாரும் கை நீட்டக் கூடாது. பழைய கிளட்ச் லைனிங்கிலும், மூடிகளுக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் பேக்கிங்கிலும், மூச்சில் போனால் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதக் கூடாது, பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. பெரியவர் ஒருவர் ஈரத் துணியால் துடைத்து எடுக்கட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள், வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் சோதனையைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நாசிலிலிருந்து டீசல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் பம்ப் கடையில் சோதித்துக் கொடுப்பார்கள், அங்கே கூட்டிப்போய்த் தள்ளி நின்று பார்க்க வையுங்கள்.

சரி, கழற்றுவோம். கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ. அப்புறம் நோட்டில் கையால் வரைய வேண்டும். போட்டோ இருக்கும்போது எதற்கு வரைவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வரையும்போதுதான் அந்த வாஷர் நட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கண் பார்க்கும், அதனால் வரையத்தான் வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் நட்டும் போல்ட்டும் தனித்தனி டப்பாவில், டப்பா மேல் எண், அதே எண் நோட்டில். பிடித்திருக்கும் போல்ட்டை முறுக்கி உடைக்காமல், டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி அடுத்த வாரம் வரை விட்டுவிடச் சொல்லுங்கள். காத்திருக்கப் பழக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

துருவுக்கு வேதியியல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த இரும்புப் பாகத்தைக் கம்பியில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதில் மாட்ட வேண்டும், பாசிட்டிவைப் பழைய இரும்புத் துண்டு ஒன்றில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் துரு இளகிக் கறுப்புச் சேறாக வரும், நல்ல இரும்பு கரையாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும், போடவே கூடாது. துத்தநாகம் பூசியதும் வேண்டாம். அலுமினியப் பாகத்தையும் இதில் போடாதீர்கள், சோடா அரித்துவிடும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். மின்னாற்பகுப்பு வரும் பாடத்தை அன்றைக்கே நடத்திவிடலாம்.

கணக்கும் இங்கேயே கிடக்கிறது. ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் நகரும் தூரத்தையும் வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு சுமார் 573 சி.சி. வரும். அவர்கள் வண்டியில் என்ன வருகிறது, மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று ஒப்பிடட்டும். சிலிண்டரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்தால் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும், ஆனால் தேய்மானம் மிக நுட்பமானது, அதற்கு லேத் பட்டறையில் இருக்கும், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ்தான் சரி. இதைப் பூட்டிய பிறகு இன்னொன்றும் செய்யலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் இணையும்படி கிளட்சை வைத்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அது ஒரு சுற்று வருவதற்குள் ஃப்ளைவீல் எத்தனை சுற்று வருகிறது என்று கையால் சுற்றி எண்ணுவது. ஒவ்வொரு கியருக்கும் எண்ணி எழுதினால், கியர் விகிதம் என்பது யாரும் மறக்காத விஷயமாகிவிடும்.

எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்தது வால்வு உட்கார வைப்பது. ஸ்பிரிங்கை அமுக்கி வால்வு லாக்கை எடுப்பது மெக்கானிக் கண் முன்னால் நடக்கட்டும், அது தெறிக்கும். பிறகு வால்வின் ஓரத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவி, ரப்பர் பிடி உள்ள குச்சியை வால்வில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைவது போல உருட்ட வேண்டும். அவ்வப்போது தூக்கி வேறு இடத்தில் வைத்து உருட்ட வேண்டும். கரகரப்புச் சத்தம் மெல்ல அடங்கி வழவழப்பாகும், துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரியும். பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டி, வால்வுக்குப் பின்னால் உள்ள துளையான போர்ட் பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் மறுபடி உருட்ட வேண்டும். சரியாக வந்ததா இல்லையா என்று ஆசிரியர் மார்க் போட வேண்டியதில்லை, மண்ணெண்ணெயே சொல்லிவிடும். பிள்ளைகள் யார் சொல்லியும் கேட்காமல் தாங்களாகவே திரும்பச் செய்வதை இந்த இடத்தில் பார்க்கலாம்.

ஹெட் பேக்கிங்கை மட்டும் கடையில் வாங்குங்கள். மற்ற மூடிகளுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டலாம். மூடியின் ஓரத்தில் லேசாகக் கிரீஸ் தடவி ஷீட்டில் அழுத்தினால் அச்சு விழும், கத்தரியால் வெட்டி எடுக்கலாம். டீசல் டேங்க், ஃபில்டர், ஆயில் பாத் ஏர் கிளீனர் எல்லாம் கழுவித் துடைக்கிற வேலை, விளக்கம் தேவையில்லை. ஹெட் நட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்கத்தில் முடுக்குவது என்பதையும் வால்வு இடைவெளியையும் அந்த மாடலின் மேனுவலைப் பார்த்தே செய்யுங்கள், கை அளவு போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள், டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது. கசிவு எங்கே என்று தெரிய வேண்டும், பெயிண்ட் கடைசி வேலை. ரோட்டரியையும் கத்திகளையும் பூட்ட வேண்டாம், கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை, திறந்த வெளி, பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும் வரை ஏர் எடுக்கும் வேலையை முன்னதாகவே அவர்கள் செய்துவிடலாம். ஹாண்டில் அடிப்பது பெரியவர்தான், கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடித்து. எஞ்சினை எப்படி நிறுத்துவது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், டீசலை மூடினாலும் உடனே நிற்காது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கையை வைத்து அடைக்கக் கூடாது.

ஓடியதும் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. இனி எதைக் கழற்ற வேண்டும் என்பதை அவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும்.

டில்லரை ஓட்டவோ உழவோ பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். அந்த எஞ்சினில் பெல்ட் போட்டு ஒரு பம்பை இணைத்தால் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கலாம், பெல்ட்டுக்கு முழு மூடி போட்டு, பெரியவர் ஒருவர் மேற்பார்வையில்.

மே விடுமுறைக்கு முன் ஆயிலை மாற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றி, கம்ப்ரஷன் கனமாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவையுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. எந்தத் தேதியில் என்ன செய்தோம் என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நோட்டை அடுத்த வருடக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.