சட்டமன்றத் தேர்தலில் முதன்முறை நிற்கிறீர்களா? வேட்புமனு முதல் செலவுக் கணக்கு வரை

தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்ததும் பலருக்கும் மனதில் ஓடுவது போஸ்டர், பிரசார வண்டி, மைக் செட். புதிதாக நிற்பவர்கள் இடறுவது அங்கே இல்லை. முன்மொழிந்தவரின் கையெழுத்திலும், படிவத்தில் காலியாக விட்ட ஒரு கட்டத்திலும், தேர்தல் முடிந்தபின் ஒப்படைக்காமல் விட்ட செலவுக் கணக்கிலும்தான் இடறுகிறார்கள். அதனால் ஓட்டு கேட்பது எப்படி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, எதை எப்போது செய்வது என்று பார்க்கலாம். கட்சி வேட்பாளருக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. நிற்கத் தகுதி இருக்கிறதா?

மனு பரிசீலனை நடக்கும் நாளில் 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டிய அவசியமில்லை. வேறு தொகுதியில் இருந்தால், பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பகுதியின் சான்றிட்ட நகலை மனுவோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அங்கே நிற்க சாதிச் சான்றிதழ் கட்டாயம்.

அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகே நிற்க முடியும். மாநில அரசோடு நடப்பில் ஒப்பந்தம் உள்ள கான்ட்ராக்டர்களும் இந்த இடத்தில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து வெளியே வந்தும் ஆறு ஆண்டுகளுக்குப் போட்டியிட முடியாது. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் தடையாகாது. ஆனால் அதை மறைக்கக் கூடாது.

2. காலண்டரைக் கையில் எடுங்கள்

அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாம் நாள் மனு தாக்கலுக்குக் கடைசி. மறுநாள் பரிசீலனை. அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸ் பெறக் கடைசி. 2021 தேர்தலில் மார்ச் 12 அறிவிக்கை, 19 கடைசி நாள், 20 பரிசீலனை, 22 வாபஸ், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் நடுவில் வந்தால் அன்று மனு வாங்க மாட்டார்கள். ஏழு நாள் என்பது கையில் நான்கைந்து நாளாகச் சுருங்கிவிடும். ஆகவே அடுத்து வரும் மூன்று வேலைகளை அறிவிக்கைக்கு முன்பே முடித்து வையுங்கள்.

3. தேர்தலுக்கென்றே ஒரு வங்கிக் கணக்கு

மனு தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்பாவது புதிய கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். உங்கள் பெயரில் மட்டுமோ, உங்கள் தேர்தல் ஏஜென்ட்டோடு சேர்ந்தோ இருக்கலாம். மனைவியோ அண்ணனோ தேர்தல் ஏஜென்ட் இல்லையென்றால் அவர்களோடு கூட்டுக் கணக்கு கூடாது. வீட்டுச் செலவுக்கு ஏற்கெனவே ஓடுகிற கணக்கைக் காட்டலாமா என்றால், கூடாது. செக் புத்தகத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், அது வரத்தான் நாளாகும்.

4. முன்மொழியப் பத்துப் பேர்

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும், பதிவு செய்தும் அங்கீகாரம் பெறாத கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் நீங்கள் நிற்கிற அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1996 தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் இருந்தார்கள், பெரும்பாலும் தங்கள் கோரிக்கைக்காக மனு போட்ட விவசாயிகள். வாக்குச் சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவோர் என்ற விதியும் வந்தது.

பத்துப் பேர் கிடைப்பது கஷ்டமில்லை. சரியான பத்துப் பேர் கிடைப்பதுதான் கஷ்டம். பக்கத்துத் தெருக்காரர்தானே என்று நினைப்போம், தொகுதி எல்லை அந்தத் தெருவின் நடுவே போயிருக்கும். வீடு மாறியபோது ஒருவரின் பெயர் வேறு தொகுதிக்குப் போயிருக்கும். அதனால் வாக்காளர் அட்டையை நம்பாதீர்கள். இப்போதைய பட்டியலைத் திறந்து ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண், பெயர் எழுத்து மூன்றையும் ஒத்துப் பாருங்கள். படிவத்தில் கேட்பது பாகம் எண்ணும் வரிசை எண்ணும்தான். பலர் அட்டையில் உள்ள எண்ணை எழுதிவிட்டு வந்து நிற்பார்கள்.

கையெழுத்தை உங்கள் கண்முன் வாங்குங்கள். "நான் போட்டு வாங்கி வருகிறேன் அண்ணே" என்று எடுத்துப் போகிறவரிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது, முன்மொழிந்தவர்களில் இருவரின் கையெழுத்து குறித்து எழுந்த சிக்கலால்தான். கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும், அன்று அவரைக் கூடவே அழைத்துப் போகவேண்டியிருக்கும். எழுதத் தெரிந்த பத்துப் பேரையே பிடிப்பது சுலபம்.

ஒரு வேட்பாளர் ஒரே தொகுதியில் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே போதும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி இரண்டாவது செட் ஒன்று போட்டு வைத்தால், முதல் செட்டில் யாராவது பின்வாங்கினாலும் நிம்மதியாக இருக்கலாம்.

5. படிவம் 26: ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது

வேட்புமனு படிவம் 2பி. அதோடு போகிற பிரமாணப் பத்திரம் படிவம் 26. உங்கள் மேல் உள்ள வழக்குகள், உங்கள், துணைவரின், உங்களைச் சார்ந்திருப்பவர்களின் சொத்து, கடன், பான் எண், கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், படிப்பு, தொழில், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் இதில் வரும்.

நிலம் இல்லை, நகை இல்லை, வழக்கு இல்லை என்றால் கோடு போட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். போடாதீர்கள். 'இல்லை', 'பொருந்தாது', 'தெரியாது' இந்த மூன்றில் ஒன்றை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தால் எழுத வேண்டும். காலியாக விட்ட பத்திரத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அலுவலர் குறையைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் மனு போய்விடும்.

பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் சீல் குத்திக் கொடுக்கிற நோட்டரிகள் இருக்கிறார்கள், அங்கேயே நின்று புரட்டிப் பாருங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றும் சேர வேண்டும். அதை ஓரிரு நாளில் வாங்க முடியாது.

வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. பிரசார காலத்தில் மூன்று முறை அந்த விவரத்தை நாளிதழிலும் டிவியிலும் நீங்களே விளம்பரம் செய்ய வேண்டும். அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான்.

6. மனு தாக்கல் நாள்

காலை 11 முதல் மாலை 3 மணி வரைதான். தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்திலிருந்து 100 மீட்டருக்குள் மூன்று வண்டிக்கு மேல் கூடாது. உள்ளே உங்களையும் சேர்த்து ஐந்து பேர். ஊர்வலம், மாலை, பட்டாசு எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அலுவலரிடம் ரொக்கமாகக் கட்டலாம், அல்லது கருவூலத்தில் கட்டிய சலானைக் கொடுக்கலாம். செக் வாங்க மாட்டார்கள். தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் படிவத்தை நிரப்பலாம்தான், ஆனால் அச்செடுத்துக் கையெழுத்திட்டு நேரில் கொடுத்தால்தான் தாக்கல் ஆனதாகக் கணக்கு. கட்சி வேட்பாளர், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்களைக் கடைசி நாள் 3 மணிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடுவது, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியை. மனு கொடுத்த பின், பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அதை எடுத்தாக வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் எடுக்க முடியாது. மனு கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துவிட்டு, ரசீதையும், எந்த ஆவணம் பாக்கி என்று குறித்த பட்டியலையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இதற்காகத்தான் கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். நல்ல நேரம் பார்ப்பவர்கள் முதல் மூன்று நாளுக்குள் ஒரு நல்ல நேரம் பாருங்கள்.

7. பரிசீலனை, சின்னம்

பரிசீலனைக்கு நீங்கள், தேர்தல் ஏஜென்ட், முன்மொழிந்தவரில் ஒருவர், எழுத்தில் அதிகாரம் கொடுத்த இன்னொருவர் போகலாம். அந்த இன்னொருவர் வக்கீலாக இருக்கட்டும். எழுத்துப்பிழை போன்ற சின்னக் குறைகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. யாராவது ஆட்சேபம் எழுப்பினால் பதற்றப்படாமல் பதில் சொல்ல அவகாசம் கேளுங்கள்.

சுயேச்சைக்கான சின்னத்தை மனுவிலேயே மூன்று விருப்பமாக வரிசைப்படுத்திக் கேட்டிருப்பீர்கள். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். அது கைக்கு வருவது வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான். 2021 கணக்கில் மார்ச் 22 மாலை சின்னம், ஏப்ரல் 4-ல் பிரசாரம் ஓய்ந்தது. வருடக்கணக்காகச் சுவரில் இருக்கிற சின்னங்களுக்கு எதிரே உங்களுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கோட்டோவியமாக வரைந்தால் தூரத்திலிருந்தும் புரிகிற பொருளைக் கேளுங்கள், அழகாக இருக்கிறது என்று எதையாவது கேட்காதீர்கள்.

8. பிரசாரத்தில் மறக்கக் கூடாதவை

எந்த நோட்டீஸ், போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வண்டிக்கும் கூட்டத்துக்கும் முன் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை மைக் கூடாது. டிவி, சமூக ஊடக விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். உரிய ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு போனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும்.

பூத் ஏஜென்ட் விஷயத்தில் யதார்த்தமாக இருங்கள். ஒரு தொகுதியில் சுமார் 300 வாக்குச்சாவடி இருக்கும், எல்லாவற்றுக்கும் ஆள் போட முதல்முறை சுயேச்சையால் முடியாது. உங்களுக்குச் செல்வாக்கு உள்ள பூத்துகளில் மட்டும் போடுங்கள். மாதிரி வாக்குப்பதிவு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும், அதற்குள் அவர்கள் அங்கே இருக்க வேண்டும். மாலையில் படிவம் 17சி நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வரக் கூடாது. அந்த இயந்திரத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்பதற்கு எண்ணும் நாளில் உங்களிடம் இருக்கப்போகும் ஆதாரம் அது ஒன்றுதான்.

9. செலவுக் கணக்கு

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம். உங்களுக்கு அந்த வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை, நான்கு லட்சம் செலவு செய்வதே பெரிது. பிரச்சினை எழுதாமல் விடுவதில்தான்.

மனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாமே கணக்கில் வரும். ஒரு பதிவேடு கொடுப்பார்கள். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது, அதற்கு மேல் செக் அல்லது வங்கிப் பரிமாற்றம். நண்பர் தன் ஆட்டோவை இலவசமாக விட்டாலும் அதன் வாடகை மதிப்பை எழுத வேண்டும். டீ, நாற்காலி, பந்தல், மைக் செட் ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வெளியிடுவார். கூட்டத்தில் 200 நாற்காலி போட்டதைத் தேர்தல் அலுவலர்கள் வீடியோ எடுத்திருப்பார்கள், நீங்கள் 50 என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும். பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கணக்கு எழுதவென்றே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூட்டத்துக்கு வர வேண்டாம், பில்லை மட்டும் பார்க்கட்டும்.

முடிவு வந்து 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது பொருந்தும். பூஜ்ஜியச் செலவு என்றாலும் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் கொடுக்காவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். அதற்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

டெபாசிட் திரும்பி வர, செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். 1,80,000 ஓட்டு என்றால் 30,000 போதாது, 30,001 வேண்டும். நோட்டா ஓட்டுகள் இந்தக் கணக்கில் சேராது. மனு நிராகரிக்கப்பட்டாலோ வாபஸ் பெற்றாலோ டெபாசிட் திரும்பக் கிடைக்கும், கட்டிய ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.