நன்றிக் கடிதம்: எழுதுவதும் கொடுப்பதும்

2005-ல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் சில மனநலப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தவர்களுக்கே உடனடிப் பலன் அதிகம்: மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. அது ஒரு மாதம் வரை நீடித்தது.

கடிதம் யாருக்கு? உயிரோடு இருப்பவராக, ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்கக்கூடியவராக, நீங்கள் சரியாக நன்றி சொல்லாமல் விட்டவராகத் தேர்ந்தெடுங்கள். இன்கிரிமென்ட் போடும் மேலதிகாரி வேண்டாம். உங்களைக் காயப்படுத்தியவர் வேண்டவே வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கம், ஏறக்குறைய 300 சொல். அவர் என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அதனால் இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்ற மூன்றும் வர வேண்டும். "நல்லா சொல்லிக் கொடுத்தீங்க சார்" என்பதை எந்த வாத்தியாருக்கும் எழுதலாம். "அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து இயற்கணிதம் போட வச்சீங்க. அதனால அஞ்சு மணி பஸ்ஸை விட்டுட்டு ஆறரை பஸ்லதான் வீட்டுக்குப் போனீங்க" என்பது அவருக்கு மட்டுமே. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த பஸ் விஷயத்தைத்தான். அவர் இழந்தது தெரிந்தால்தான் நன்றி உள்ளே இறங்கும். "இந்தக் கடனை எப்படி அடைப்பேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், நன்றி பாரமாகிவிடும். மன்னிப்பையும் புது உதவி கேட்பதையும் இதில் கலக்க வேண்டாம்.

போனில் காரணம் சொல்லாமல் "வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமென்றால் பழம் போதும், பணக்கவர் கூடாது. கடிதத்தை வாய்விட்டு முழுவதும் படியுங்கள். இரண்டாம் வரியிலேயே "அட, நமக்குள்ள என்ன இதெல்லாம்" என்பார்கள். நிறுத்தாதீர்கள். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்ற பயம் பெரும்பாலும் மிகை: 2018-ல் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் செய்த ஆய்வில், எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள், குறைவாகவே சங்கடப்பட்டார்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு தெம்பு வடிந்தால், ஒரு வாரம் தூங்கப் போகுமுன் அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் இல்லாவிட்டால் அது மளிகைச் சீட்டு. அதன்பின் வாரம் ஒருமுறை போதும். அடிக்கடி எழுதினால் சலித்துப்போகும்.

எழுதும்போது "இவ்வளவு இருந்தும் சந்தோஷமா இல்லையே" என்ற குற்றவுணர்வே மிஞ்சினால் நோட்டை மூடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, கட்டணமில்லை.