இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான கற்றல் நிலையம்: எங்கே பிழை விடுகிறோம்?

2007 தொடக்கத்தில், போருக்குத் தப்பி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கேயுள்ள வாகரைச் சனம் காட்டுவழியே வந்து சேர்ந்தது. மார்ச்சில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சனமும் இடம்பெயர்ந்தது. பாடசாலைகளே முகாம்களாகின. உயிர் தப்பி வருகிறவர்களுக்கு வகுப்பறையைத் திறந்துவிடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாடசாலையின் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று முதல் வாரமே பேசாமல் விட்டால், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பை இழப்பார்கள். ஊருக்கும் வந்த சனத்துக்கும் மனக்கசப்பும் வரும். காலை ஒரு பகுதி, பின்னேரம் ஒரு பகுதி என்று நேரம் பிரித்தாவது இருபகுதியையும் படிப்பியுங்கள்.

வெறும் நிலம் கிடைத்ததென்று அங்கேயே கற்றல் நிலையத்துக்குக் கொட்டில் போடுவது அதைவிடப் பெரிய பிழை. அந்த நாட்களில் ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைப் பிடித்துச் சென்றன. தனியே நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். நிலையம் முகாமுக்குள் அல்லது தாய்மாரின் கண் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காவலரண், படைமுகாம் பக்கமே வேண்டாம். ஆயுதத்தோடு எவர் வந்தாலும், எந்தச் சீருடையானாலும், வாசலோடு நிறுத்துங்கள்.

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை திடீரென வராமல் விட்டால் "படிப்பில் அக்கறையில்லை" என்று சொல்லிவிடுகிறோம். மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள். உள்ளே கொண்டி இருக்கிறதா? கதவுக்குப் பதில் சாக்குத் தொங்குகிறதா? தண்ணீர் வாளி உள்ளேயா வெளியேயா? முப்பது பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, அறுபது ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று என்பது மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் கைநூல் சொல்லும் அளவு. குடிக்கவும் கைகழுவவும் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 3 லீற்றர் தண்ணீர் வேண்டும்.

விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். ஷெல்லடிக்குள் ஓடி வந்த தாய் பத்திரத்தையா தேடியிருப்பாள்? முந்திய பாடசாலை, தரம், தாய் தகப்பன் பெயர் மட்டும் இடாப்பில் எழுதிக்கொண்டு பிள்ளையை இருத்துங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகளின் விபரத்தை உடனே வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுங்கள். வேறு யாருக்கும் அந்த இடாப்பைக் காட்டவே கூடாது.

"என்ன நடந்தது, படமாகக் கீறு" என்று கேட்டு, வந்த விருந்தாளிகள் கமராவால் எடுப்பதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். கிண்டிக் கேட்காதீர்கள். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் விளையாட்டும் நிறமும் கதையும் நாடகமுமாகத்தான் பிள்ளைகளோடு வேலை நடந்தது. பழகிய, பயிற்சி பெற்ற பெரியவர்கள் கூட இருந்தார்கள். இரண்டு நாள் வந்துபோகும் தொண்டர்களால் அது முடியாது.

முகாமிலேயே இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் இருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடுங்கள். புதிய பாடத்திட்டம் எழுதப் புறப்படாமல் அரச பாடநூலையே எடுங்கள். மீள்குடியேறும் நாளில், எந்தப் பாடம் எதுவரை முடிந்தது என்ற குறிப்பு ஊர்ப் பாடசாலை அதிபரின் கைக்குப் போகவேண்டும்.