பேனா ஸ்டாண்டு செய்தால் பிளாஸ்டிக் குறையுமா?

'வீணான பொருளில் ஏதாவது செய்து கொண்டுவரவும்' என்று பள்ளி டைரியில் எழுதி வரும். வீட்டில் காலி பாட்டில் இருக்காது. உடனே ஒரு குளிர்பானம் வாங்கி, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்து பாட்டிலைக் காலி செய்வோம். கூடவே ஜிகினாத் தூள், க்ளூ கன் குச்சி, உருளும் பொம்மைக் கண்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நாம் ஒட்டிக்கொண்டிருப்போம், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். நானும் செய்தவன்தான். அந்தப் பேனா ஸ்டாண்டு மூன்று வாரம் மேஜையில் நின்றது, அப்புறம் குப்பைக்குப் போனது.

பெரிய தவறு இதுதான்: பிளாஸ்டிக்கை வைத்து எதையாவது செய்தாலே பிளாஸ்டிக் குறைந்துவிடும் என்று நினைப்பது. கழுவிக் காயவைத்த பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அதே பாட்டிலில் பெயிண்ட் அடித்து, பசை தடவி, ஜிகினா தூவிக் கொடுத்துப் பாருங்கள், தொடமாட்டார். மறுசுழற்சிக்குப் போகவேண்டியதை நாமே கெடுத்துவிட்டோம். ஜிகினாத் தூள்கூட பெரும்பாலும் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் படலம்தான். க்ளூ கன் குச்சியும் பிளாஸ்டிக். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் ப்ராஜெக்ட் என்றதும் முதலில் அதைத்தான் தேடுகிறோம்.

சரி, வேறு என்ன செய்யலாம்? செய்யும் பொருள், கடையில் வாங்கும் ஒன்றை மிச்சப்படுத்தவேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பழைய டி-ஷர்ட் பை. கைகளையும் கழுத்தையும் வெட்டிவிட்டால் தோளில் மாட்டும் பிடி வந்துவிடும். அடிப்பக்கத்தை விரலகல நாடாக்களாக வெட்டி, முன்நாடாவையும் பின்நாடாவையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டால் பை தயார். ஊசி நூல் வேண்டாம். துணியை வெட்டுவது பெரியவர் வேலை, ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு முடிச்சு.

இங்கேதான் அடுத்த தவறு. முடிச்சு கோணலாக இருக்கிறதே என்று பிடுங்கி நாம் போட்டுவிடுவோம். விடுங்கள். எங்கள் வீட்டுப் பையில் மகள் போட்ட இரண்டு முடிச்சுக்கு நடுவே இடைவெளி இருந்தது. காய்கறிக் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் பச்சைமிளகாய் விழுந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே உட்கார்ந்து இறுக்கிக் கட்டினாள். இப்போது கடைக்குக் கிளம்பினால் பையை ஞாபகப்படுத்துவது அவள்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் வெறுங்கையோடு போனால் பிளாஸ்டிக் பையோடுதான் திரும்புகிறோம்.

பிளாஸ்டிக்கே இல்லாத கைவேலையைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தென்னை ஓலையில் காற்றாடி, கைக்கடிகாரம், பீப்பீ எல்லாம் நம் தாத்தா பாட்டிக்குக் கைவந்த கலை. கடையில் வாங்கி இரண்டு நாளில் உடையும் பொம்மைக்கு அது நேரடி மாற்று. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும்: சூடு வைத்த கத்தியாலோ மெழுகுவர்த்தியாலோ பிளாஸ்டிக்கை உருக்கி வெட்டுவது. அந்தப் புகை பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. வெட்டிய பொடித் துண்டுகளைச் சாக்கடைப் பக்கம் கூட்டித் தள்ளுவதும் அப்படித்தான்.

கடைசியாக, பசையே தேவைப்படாத ஒரு கைவேலை. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது அந்தக் குட்டி முக்கோணம் தனியாக வந்துவிடும், பிறகு அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. முழுக்க வெட்டாமல் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். காலி பாக்கெட்டைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கும் வேலையையும் அதனிடமே விடலாம். மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் ஏதோ கொஞ்சம் சில்லறை கிடைக்கும். அது வெட்டிய கைக்கே போகட்டும்.