கம்பத்திலிருந்து மீட்டர் வரை: கடலோர வீட்டில் சர்வீஸ் வயரைக் காப்பது எப்படி?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் உள் வயரிங்குக்கு நல்ல வயர், எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.டி. (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) எல்லாம் விசாரித்து வாங்குகிறார்கள். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரை மட்டும் "அது ஈ.பி. வேலை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் எம்.சி.பி.யும் ஆர்.சி.டி.யும் மீட்டருக்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்கும். அதற்கு முன்னால் வயர் உரசி மின்சாரம் கசிந்தால் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. டிரான்ஸ்பார்மர் பக்கத்து ஃப்யூஸும் சின்னக் கசிவுக்குப் போகாது. ஆக, அந்த வயருக்குக் காவல் என்று இருப்பது அதை மூடியிருக்கும் பைப்பும் அது போகும் உயரமும்தான். நம் கரையில் அந்தப் பைப்பையே உப்புக்காற்று தின்கிறது.

தொடங்குமுன் ஒன்று. கம்பத்தில் ஏறுவதும் மீட்டர் சீலைத் தொடுவதும் மின்வாரிய ஊழியர்களின் வேலை. வீட்டுப் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும். நீங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: உயரம்

வயர் தெருவைக் குறுக்கே கடந்தால் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் இருக்க வேண்டும். தெருவோரமாகவே போனால் 5.5 மீட்டர். மற்ற இடங்களில் இன்சுலேஷன் உள்ள வயருக்கு 4 மீட்டர். மீன் ஏற்றும் லாரியும் ஐஸ் வண்டியும் நுழைகிற சந்துகளில் இந்த அளவை விட்டுக்கொடுக்காதீர்கள். வீடு கட்டிய பிறகு தெருவை மேடாக்கியிருந்தால் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: தாங்கு கம்பி

சர்வீஸ் வயர் தன் எடையைத் தானே சுமக்கக் கூடாது. ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஒன்றை இழுத்துக் கட்டி, அதன்மேல்தான் வயர் படர வேண்டும். அந்தக் கம்பி சுவர்க் கொக்கியில் நேராகக் கட்டப்படாமல் இன்சுலேட்டர் வழியாகப் பிடிபட்டிருக்க வேண்டும். வயர் எங்காவது உரசினால் கம்பியிலும் மின்சாரம் வரும். இன்சுலேட்டர் இல்லையென்றால் அது தகரக் கூரை வரை இறங்கும். பனைமட்டை உரசுகிற இடமாக இருந்தால் வயரின் பாதையையே மாற்றுங்கள்.

படி 3: பைப்

இதில் காசு பார்க்காதீர்கள். ஜி.ஐ. பைப்பில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று பட்டை போட்டிருப்பார்கள். மஞ்சள் மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு தடிமன். கடலோரத்துக்குச் சிவப்புப் பட்டைதான் என் கணக்கு. அறுத்த முனையிலும் மரை போட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் பிடிக்கத் தொடங்கும். அந்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் அடித்த பிறகே பொருத்த வேண்டும். 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்திலேயே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயின்ட் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காற்று அப்படிப்பட்டது.

பி.வி.சி. போடலாமா என்று கேட்பார்கள். துருப்பிடிக்காது, ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் உள் வயரிங்குக்குப் போடும் மெல்லிய பைப் வெயிலில் நொறுங்கிவிடும். அமெரிக்க மின் விதித்தொகுப்பு, சர்வீஸ் கேபிள் அடிபடக்கூடிய இடத்தில் இரும்புப் பைப் அல்லது ஷெட்யூல் 80 என்ற தடித்த பி.வி.சி. பைப் கேட்கிறது. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் மாடு முட்டுகிற, வண்டி உரசுகிற உயரத்துக்கு மெல்லிய பைப் ஆகாது என்பது இங்கேயும் பொருந்தும்.

ஃபேஸும் நியூட்ரலும் ஒரே இரும்புப் பைப்புக்குள் சேர்ந்தே போக வேண்டும். தனித்தனி இரும்புப் பைப்பில் போட்டால் பைப் சூடேறும்.

படி 4: பைப்பின் வாய்

மழைநீர் உள்ளே போவது இங்கேதான். மேல் முனையில் பெண்ட் போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க புஷ் (விளிம்பை மூடும் வளையம்) மாட்டுங்கள். வயர் உள்ளே நுழையும் முன் வாயைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, அப்புறம் மேலேறி நுழையட்டும். வயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இந்த வளைவு இல்லாவிட்டால் வாடைக்காற்றோடு பெய்கிற ஐப்பசி மழை நேராக மீட்டர் பெட்டிக்குள் போகும்.

படி 5: எர்த்

இரும்புப் பைப்பை எர்த் செய்யாமல் விடக் கூடாது. உள்ளே வயர் உரசிவிட்டால், அதில் சாய்ந்து நிற்கும் குழந்தைக்கு அந்த எர்த்தைத் தவிர வேறு காப்பு இல்லை. எர்த் பைப் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்கட்டும், சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிப் புதைக்கட்டும். நம் மேல்மணல் காய்ந்து கிடக்கும், மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஈரமணல் வரை இறங்க வேண்டும். நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் ஊர்களில் குழிக்குள் தனியாக உப்புக் கொட்டுவதை நான் ஏற்க மாட்டேன். எர்த் பைப் சீக்கிரம் அரித்துப் போகும். எர்த் கம்பியைப் பைப்போடு பிடிக்கும் போல்ட் வெளியே தெரியும்படி இருக்கட்டும், அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

படி 6: வருடாவருடம்

புரட்டாசி மழைக்கு முன் கீழே நின்றபடியே பாருங்கள். கிளாம்ப் துரு, தாங்கு கம்பியில் அறுந்த இழை, வெடித்த இன்சுலேஷன், வெள்ளையாக உப்புப் படிந்த இன்சுலேட்டர், இவற்றில் எது தெரிந்தாலும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். பைப்பிலோ தாங்கு கம்பியிலோ துணிக்கொடியோ வலையோ கட்டியிருந்தால், யார் கட்டியதாக இருந்தாலும், அதையும் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே அவிழ்க்க வேண்டும்.